நாலாவது தேங்காய்

டேய் நெட்டை,

மக உங்க பினாங்கு பாயான் லெப்பாஸ்ல வேலைக்குச் சேந்துட்டான்னு நீ போட்ட மெசேஜ் பாத்தேன், ரொம்ப சந்தோஷம்டா, இனிமே நீ அந்தப் பழைய மோட்டார் சைக்கிள வித்துத் தொலைக்கலாம். தைப்பூசத்துக்கு பத்துமலைக்கு நடந்தீங்களாமேன்னு நீ போன்ல கேட்டப்ப ஆமா நடந்தோம்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டேன், பேரன் காதுகிட்ட நின்னு கத்திக்கிட்டு இருந்தான், பேசவே முடியல. அதான் இப்ப எல்லாரும் தூங்கினப்புறம் உக்காந்து எழுதுறேன். உனக்கும் இதுல பங்கு இருக்கு, அது கடைசில சொல்றேன்.

ஞாபகம் இருக்கா, 1988ல அஞ்சாம் பாரத்து எஸ்பிஎம் பரீட்சை எழுதுறதுக்கு முந்தின வாரம் சாயங்காலம் ஸ்கூல் பீல்டுல உக்காந்துக்கிட்டு வேண்டிக்கிட்டோமே. பாசா, அதான் மலாய் பாடம், ஊத்திக்கிச்சுன்னா மத்த பாடத்துல ஏ எடுத்தாலும் சர்டிபிகேட்டே கெடையாது, நம்ம நாலு பேருக்கும் அந்த பயம்தான். பாஸ் பண்ணிட்டா கோலாலம்பூர் (கே.எல்.) மாரியம்மன் கோயில்லேந்து பத்துமலை வரைக்கும் முருகன் ரதத்துக்குப் பின்னாலயே வெறுங்கால்ல நடந்து வரோம், ஆளுக்கொரு தேங்கா ஒடைக்கிறோம்னு சொன்னது நீதான், நாங்க தலையாட்டினோம். பாஸும் பண்ணோம். அப்புறம் நீ பினாங்கு பேக்டரிக்குப் போயிட்ட, குண்டன் லாரி ஓட்டப் போயிட்டான், வாத்தி மக்தாப்ல வாத்தியார் படிப்பு முடிச்சு சபாவுக்குப் போயிட்டான், கடன் அப்படியே நின்னுடுச்சு. போன வருசம் குண்டனுக்கு நெஞ்சுல ஸ்டென்ட் வச்சாங்கல்ல, படுக்கைல கெடந்துக்கிட்டு அவன்தான் ஆரம்பிச்சான், "முருகன் வட்டி போட ஆரம்பிச்சிட்டான் மச்சான்"னு.

கோயில் இருக்கிற ஜாலான் துன் எச்.எஸ்.லீல கூட்டம் எப்படின்னு உனக்கு நான் சொல்லணுமா. தம்புசாமிப் பிள்ளை 1873ல ஆரம்பிச்ச கோயில், பத்துமலைலயும் வேல் வச்சுக் கும்பிட ஆரம்பிச்சது அந்த மனுசன்தான்னு வாத்தி வழிநெடுக பாடம் எடுத்துக்கிட்டு வந்தான், 1892லேந்து அங்க பூசம் நடக்குதாம், ரிட்டயர் ஆனாலும் வாய் மட்டும் ரிட்டயர் ஆகல. பதினஞ்சு கிலோமீட்டர் சொச்சம்தானே, டெய்லி பார்க்குல அஞ்சு கிலோமீட்டர் நடக்குறவன் நான், இதெல்லாம் ஒரு தூரமான்னு திமிரா கெளம்பினேன்.

அங்கதான்டா ஏமாந்தேன். நடக்குறது ஒண்ணும் பண்ணல, நிக்கிறதுதான் ஆளக் கொல்லுது. ரதம் பத்தடி போகும், நிக்கும், தட்டு நீட்டுவாங்க, அர்ச்சனை, புள்ளைய தூக்கிக் காட்டுவாங்க, தேங்கா ஒடையும், மறுபடி பத்தடி. டாங் வாங்கி ஏரியாவ தாண்டறதுக்குள்ள என் முட்டி கழண்டுடுச்சு. நடக்குறப்ப கெண்டைக்கால் சதை ரத்தத்த மேல தள்ளும், நின்னா ரத்தம் கீழயே தேங்கிடும், அதான் கால் இப்படி கனக்குதுன்னு வாத்தி சொன்னான், சொல்லிட்டு அவனே ஒரு பூட்டுன கடை வாசப்படில உக்காந்துட்டான். ரதம் நிக்கிறப்பல்லாம் நாங்க மூணு பேரும் கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல மாத்தி மாத்தி நின்னோம், பக்கத்துல பால்குடம் எடுத்து வந்த ஒரு பாட்டி பாத்து சிரிச்சுது, அது எழுபது இருக்கும், அசையவே இல்ல.

சௌக்கிட் தாண்டி ஈப்போ ரோட்டுல ஏறினப்ப என் உள்ளங்கால்ல சுருக்குனு ஒண்ணு. ஒடைச்ச தேங்காச் சிரட்டை, ஊசி மாதிரி ஒரு சில்லு. குண்டன் கைபோன் லைட்ட வாயில கவ்விக்கிட்டு என் கால அவன் தொடைல வச்சு சட்டையில குத்தியிருந்த ஊக்கால நோண்டி எடுத்தான். நெஞ்சுல ஸ்டென்ட் உள்ளவன் ரோட்டோரம் குந்திக்கிட்டு சக்கரை வியாதிக்காரன் கால நோண்டுறான், இது என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் முடிச்சிருப்பா, தயவு செஞ்சு உன் வீட்டு வழியா நியூஸ் போக விட்டுடாத. (டாக்டர்கிட்ட காட்டிட்டேன், கால் ஆறிடுச்சு, திட்டுதான் இன்னும் ஆறல.) பக்கத்துல ஒரு சீனக் கிழவர் கடையத் தொறந்து வச்சு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் குடுத்தாரு, குடிக்க ஹண்ட்ரட் பிளஸ் டின் குடுத்தாரு, அவரும் ஒரு மூட்டை தேங்கா ரதத்துக்குன்னு வாங்கி வச்சிருந்தாரு.

அந்த நாற்காலிதான் பெரிய சோதனை. உக்காந்தா எந்திரிக்க மனசு வரல. செந்தூல்ல கொம்யூட்டர் ரயில் ஸ்டேஷன் இருக்கு, பூசத்துக்கு ராத்திரி முழுக்க ரயில் ஓடுது, ஏறினா நாலாவது ஸ்டேஷன் பத்துமலை. மூணு பேருக்கும் அது மனசுல ஓடுது, ஒருத்தனும் வாயத் தொறக்கல. குண்டன் சொல்லட்டும்னு நான், நான் சொல்லட்டும்னு வாத்தி. கடைசில ரதத்துக்குப் பின்னாலயே நிக்க முடியாது, முன்னால போயிடலாம், நடந்தா வலி தெரியாதுன்னு முடிவாச்சு. வேண்டுதல்ல ரதத்துக்குப் பின்னாலன்னு சொன்னோமேன்னு கேட்டேன், "முன்னாலயோ பின்னாலயோ, முருகன் கணக்குல கிலோமீட்டர்தான்"ன்னான் குண்டன். பாதி ஏமாத்துதான், ஒத்துக்கிறேன்.

விடிஞ்சு வெயில் ஏறினப்புறம் தார் சுட ஆரம்பிச்சிடுச்சு. அப்பதான் ஒண்ணு கவனிச்சேன், முன்னால வெறுங்கால்ல போறவங்க எல்லாம் ரோட்டுல போட்ட வெள்ளைக் கோட்டு மேலயே எறும்பு மாதிரி வரிசையா போறாங்க. கோடு வழவழன்னு இருக்கு, சூடும் கம்மி. நாங்களும் ஏறிக்கிட்டோம். முன்னால குண்டன், நடுவுல நான், பின்னால வாத்தி, கோடு அழிஞ்ச எடத்துல மட்டும் மூணு பேரும் ஒண்ணா ஓடுவோம்.

நம்ம காலத்துல அந்த 42 மீட்டர் முருகன் சிலை ஏது, 2006லதானே வந்துச்சு. இப்ப ரொம்ப தூரத்துலயே தங்கமா தெரியுறார், தெரியுறாரே தவிர கிட்ட வர மாட்டேங்கிறார். 272 படிய எப்படி ஏறினேன்னு கேக்காத, 2018ல அடிச்ச கலர் பெயின்ட்ட மட்டும் பாத்துக்கிட்டு ஒவ்வொண்ணா ஏறினேன். உங்க பினாங்கு தண்ணிமலை முருகன் கோயில்ல 513 படின்னு வாத்தி சொன்னப்ப குண்டன் கையெடுத்துக் கும்பிட்டான். வெள்ளி ரதம், தங்க ரதம் ரெண்டும் உங்க ஊர்லயே இருக்கட்டும்டா சாமி.

இப்ப உன் பங்கு. கே.எல்.லேந்தே தேங்கா தூக்கிட்டுப் போகணும்னு குண்டன் ஒத்தக் கால்ல நின்னு நாலு வாங்கிட்டான். ஆளுக்கு ஒண்ணு, உன்னோடத மூணு பேரும் மாத்தி மாத்தித் தூக்கினோம், சௌக்கிட் வரைக்கும் வாத்தி, செந்தூல் வரைக்கும் குண்டன், அதுக்கு மேல நான். எங்க மூணும் கீழ ஒடைச்சாச்சு. உன்னோடத ஒடைக்கலாமான்னு ஒரு பெரிய பஞ்சாயத்து, வேண்டினவன்தான் ஒடைக்கணும்னு வாத்தி தீர்ப்பு சொல்லிட்டான், அதனால அது என்கூட கொம்யூட்டர்ல திரும்பி வந்து இப்ப எங்க வீட்டு சாமி மேடைக்குக் கீழ உக்காந்திருக்கு. ஆட்டிப் பாத்தேன், தண்ணி இன்னும் இருக்கு.

அடுத்த பூசத்துக்கு வரியா இல்லையான்னு இந்த வாரத்துக்குள்ள சொல்லு. நேத்து இவ அத எடுத்து ஆட்டிப் பாத்துட்டு, குருத்து முளைக்கிறதுக்குள்ள தோசைக்குச் சட்னி அரைச்சிடறேன்னு சொல்லிக்கிட்டு இருக்கா.

உன்
கட்டை