பூட்டியது எதுவோ அது வண்டி

அல்மாத்தி

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டிக்கொள், நியாயம்தான். அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மற்றபடி எல்லோரும் நலம். மூர்த்தி கல்யாணத்துக்கு வராததற்கு அவனிடம் நேரில் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது எழுத வைத்தது ஒரு சொல். துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த இங்குள்ள கஸாக் மொழியில் காரோ பேருந்தோ, பொதுவாக 'கொலிக்' என்கிறார்கள். போக்குவரத்து அமைச்சகத்தின் பெயரிலும் அதுதான். ஆனால் பழந்துருக்கியில் 'கொலுக்' என்பது சுமை தூக்கும் விலங்கு! 'கொல்' என்றால் நுகத்தில் பூட்டு. பூட்டப்படுவது எதுவோ அது கொலுக். குதிரையும் மாடும் போன இடத்தில் எஞ்சின் வந்துவிட்டது, பெயர் மட்டும் நகரவில்லை. நாலு நாளாக எந்தக் காரைப் பார்த்தாலும் எனக்கு நுகத்தடிதான் தெரிகிறது.

அப்புறம் இதைக் கேள். உய்குர் என்ற துருக்கிய மக்களில் பௌத்தர்களாக இருந்தவர்கள் சூத்திரங்களை மொழிபெயர்த்தபோது 'யானம்' என்பதற்கு இதே வேரிலிருந்து 'கொலுங்கு' என்றார்கள். மகாயானம் அவர்களுக்கு 'உலுக் கொலுங்கு', பெரிய வண்டி. நீ எவ்வளவு குதிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

சுமைவண்டிக்குச் சொல் வேறு: 'கங்லி'. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் காஷ்கரி தன் துருக்கிய அகராதியில் அதைப் பதிந்திருக்கிறார். அதற்கும் முன்பே சீனர்கள், கோபிக்கு வடக்கே திரிந்த ஒரு மக்களை 'காவ்ச்சே', அதாவது உயர்ந்த வண்டிக்காரர்கள் என்று அழைத்தார்கள். பெரிய சக்கரம், ஏகப்பட்ட ஆரக்கால். குதிரைமேலேயே வாழ்ந்தவர்கள் என்று நாம் நினைத்தோமே, குடும்பத்தையும் கூடாரத்தையும் ஏற்றிப்போக வண்டி வேண்டாமா?

ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது சேகர். இங்கே ஒருவர், 'தெகிர்மி' வட்டம், 'தெகிர்மென்' மாவாலை, துருக்கி நாட்டு மொழியில் சக்கரம் 'தெகெர்லெக்', ஆகவே சக்கரமே எங்களுடையது என்கிறார். வேர் அவர்களுடையதுதான். ஆனால் கி.மு. 3500 வாக்கிலேயே சக்கர வண்டி ஓடிவிட்டது. மங்கோலியாவின் ஓர்கோன் பள்ளத்தாக்கில் துருக்கியர் வெட்டிய பெருங்கல்வெட்டுகளோ கி.பி. 8ஆம் நூற்றாண்டு. நடுவில் நாலாயிரம் ஆண்டுக்கும் மேல்! வெளியிலிருந்து வந்த பொருளுக்கும் சொந்த வேரில் பெயர் வைக்கலாமே. மிதிவண்டி நம் சொல்தான், அதற்காக சைக்கிளை நாமா கண்டுபிடித்தோம்? இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. எனக்கும் கஷ்டமாகப் போயிற்று. அந்தச் சொற்கள் மேல் அவருக்கு உள்ள ஆசை எனக்கும் உண்டு.

துருக்கிய மொழிகளில், வோல்கா ஆற்றுப் பக்கம் பேசும் சுவாஷ் தான் முதலில் பிரிந்த கிளை. அங்கும் இருந்தால்தான் ஒரு சொல்லைப் பழையது என்று நம்பலாம். வண்டிக்கு அவர்கள் சொல்வது 'உரபா', பின்னால் வந்த 'அரபா'தான் அது. அச்சுக்கு என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். உன் பச்சை நோட்டை எடுத்து வை, டிசம்பரில் வருகிறேன்.

உன்,
கண்ணன்