சித்தப்பாவுக்கு: நாரி நோவும் கையில் இருக்கிற போனும்

அன்புள்ள சித்தப்பா,

நாரி நோ, அந்தக் கீழ்முதுகு நோ, இன்னும் விடவில்லையாம், பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு சாய்மனைக் கதிரையிலேயே கிடக்கிறீர்களாம், காலபோக விதைப்புக்கு வயலுக்கு இறங்கவே யோசிக்கிறீர்களாம் என்று சித்தி சொன்னா. இதைப் போனில் கதைத்தால் "சரி பிள்ளை, பார்ப்பம்" என்று வைத்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். இதே நோவோடு வன்னியில் இன்னும் எத்தனையோ பேர் இருப்பதால் எல்லாரும் வாசிக்கட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

மூன்று மாதம் தாண்டினால் அது நாட்பட்ட நோ. அப்படி நோகிற பெரும்பாலானவர்களுக்கு இந்த எலும்புதான், இந்த நரம்புதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது. நோகிறது என்பதற்காக உள்ளே ஏதோ உடைகிறது என்று அர்த்தமில்லை, ஆனால் அந்தப் பயத்தில் அசையாமல் கிடக்கக் கிடக்கத் தசை தளர்ந்து நோ கூடும். உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டியும் தேகப்பயிற்சியைத்தான் சொல்கிறது. பெல்ட்டை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பிசியோ காட்டித் தருகிற பயிற்சியை அங்கே ஒழுங்காகத்தான் செய்கிறீர்கள். வீட்டுக்கு வந்தபிறகு அடுத்த கிளினிக் வரைக்கும் யார் ஞாபகப்படுத்துவது? அதற்குத்தான் போன். அடுத்த முறை பிசியோவிடம் கேட்டு, அவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்வதைச் சித்தியை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். யாரோ ஒரு இளம் பெடியன் யூடியூப்பில் முதுகை வளைப்பதைப் பார்த்துச் செய்வதைவிட இது எவ்வளவோ மேல், ஏனென்றால் உங்கள் முழங்கால் எவ்வளவு மடங்கும், எந்த இடத்தில் பிசியோ "காணும், நிப்பாட்டுங்கோ" என்றார் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். டேட்டாவும் தேவையில்லை, கவரேஜ் இல்லாவிட்டாலும் ஓடும். காலையும் மாலையும் அலாரம் வையுங்கள். இரவில் அன்றைய நோவுக்குப் பூச்சியத்திலிருந்து பத்துக்குள் ஒரு இலக்கம் குறியுங்கள், கிளினிக்கில் "எப்பிடி இருக்கு?" என்று கேட்டால் அதைக் காட்டலாம்.

நாரி நோவுக்கென்றே செயலிகளும் இருக்கின்றன. செல்ஃப்பேக் என்ற ஒன்றை டென்மார்க்கிலும் நோர்வேயிலும் 461 பேரை வைத்துச் சோதித்து 2021 இல் முடிவை வெளியிட்டார்கள். வாராவாரம் ஆளுக்கேற்ப எவ்வளவு நடப்பது, என்ன பயிற்சி செய்வது என்று அது சொல்லும். வழமையான வைத்தியத்தோடு அதையும் பாவித்தவர்களுக்கு மூன்று மாதத்தில் நன்மை தெரிந்தது, ஆனால் சிறிய நன்மைதான். ஆகவே ஏழு நாளில் சுகம் என்று காசு கேட்கிற எதையும் நம்பாதீர்கள். நடையை எண்ணுகிற வசதி பல போன்களில் சும்மாவே கிடக்கிறது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரம்பில் நடவுங்கள், போன கிழமையைவிட இந்தக் கிழமை கொஞ்சம் கூட நடந்தால் போதும். லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏறும்போது மட்டும் போனைக் கழற்றி வையுங்கள், அந்தக் குலுக்கலையும் சில போன்கள் நடையென்று எண்ணிவிடும்.

போனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உங்கள் உடம்பில் இருக்கிறது. 2009 போரில் ஏறிய செல் (எறிகணை) துண்டு. எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் அதைச் சொல்லுங்கள், அந்த மெசினின் காந்தம் உள்ளே இருக்கிற உலோகத்தை அசைக்கலாம், சூடாக்கலாம். கால் பலமிழந்தாலோ, பின்பக்கமோ தொடையிடுக்கோ விறைத்தாலோ, சலம் மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ செயலியும் வேண்டாம் பயிற்சியும் வேண்டாம், உடனே 1990 க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள், அது இலவசம். காய்ச்சலோடு நோ வந்தாலும், காரணமில்லாமல் மெலிந்தாலும் கெதியாக டொக்டரிடம் காட்ட வேண்டும்.

தங்கச்சி இந்த ஞாயிறு அங்கே வருகிறாள். போனை அவளிடம் கொடுங்கள், அலாரத்தையும் நடை எண்ணுவதையும் தமிழிலேயே போட்டுத் தருவாள். முதல் கிழமை இலக்கங்களை எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள் சித்தப்பா, நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
உங்கள் பெறாமகள்