மூன்று வண்ணம் போதாது: இணையத் தணிக்கை வரைபடம் குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலக நாடுகளை 'சுதந்திரம்', 'ஓரளவு சுதந்திரம்', 'சுதந்திரம் இல்லை' என்று மூன்று வண்ணங்களில் காட்டும் வரைபடத்தைத் தங்கள் நாளிதழ் வெளியிட்டிருந்தது. அமெரிக்காவின் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பின் 2024 அறிக்கைப்படி, நூற்றுக்கு இந்தியாவுக்கு 50, சீனாவுக்கு 9 என்ற எண்களும் இருந்தன. எண்களில் பிழையில்லை. 'இணையத் தணிக்கைத் தரவரிசை' என்ற தலைப்புதான் பொருந்தவில்லை.

ஃப்ரீடம் ஹவுஸ் தரும் அந்த 100 மதிப்பெண்ணில், உள்ளடக்கத்தின் மீதான கட்டுப்பாடுகளுக்கு ஒதுக்கப்பட்டது 35 மட்டுமே. இணைப்புக் கிடைப்பதில் உள்ள தடைகளுக்கு 25. மீதி 40, பயனாளர் உரிமை மீறலுக்கு; பதிவு போட்டவரைக் கைது செய்வது, உளவு பார்ப்பது எல்லாம் அதில் அடங்கும். ஆக, ஒரு தளத்தைக்கூட முடக்காமல், எழுதுபவர்களைச் சிறையில் தள்ளும் அரசும் மதிப்பெண் இழக்கும். இழக்கவும் வேண்டும், ஆனால் அதைத் தணிக்கை என்று மட்டும் எழுதினால் பாதிச் செய்தி போய்விடுகிறது. தவிர, 40 வாங்கிய நாடும் 69 வாங்கிய நாடும் வரைபடத்தில் ஒரே வண்ணம். பழைய அறிக்கைகளோடு ஒப்பிடுவோருக்கு இன்னொரு எச்சரிக்கை: 2018 வரை இதே அமைப்பு 0 நல்லது, 100 மோசம் என்று கணக்கிட்டது. 2019இல்தான் அளவுகோலைத் தலைகீழாக்கியது.

டொரான்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபும் ஹார்வர்டின் பெர்க்மன் மையமும் சேர்ந்து நடத்திய ஓப்பன்நெட் இனிஷியேடிவ் என்ற ஆய்வுத் திட்டம் இதைவிடக் கவனமாகப் பிரித்தது. அரசியல், சமூகம், மோதலும் பாதுகாப்பும், இணையக் கருவிகள் என நான்கு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஐந்து நிலைகள்: எங்கும் பரவியது, கணிசமானது, தேர்ந்தெடுத்துச் செய்வது, சந்தேகம், சான்றில்லை. ஆபாசத் தளங்களை முழுதாக அடைத்துவிட்டு அரசியல் தளங்களில் கைவைக்காத நாட்டை, இரண்டையும் அடைக்கும் நாட்டிலிருந்து இதில் பிரித்தறியலாம். 2014இல் அந்தத் திட்டம் முடிந்தது பெரிய இழப்பு. அதே 2014இல் எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு 'இணையத்தின் எதிரிகள்' பட்டியலில் நாடுகளை விட்டு நிறுவனங்களைக் குறிவைத்தது. சீன அரசு அமைப்போடு, அமெரிக்காவின் உளவு அமைப்பான என்.எஸ்.ஏ., பிரிட்டனின் உளவு அமைப்பான ஜி.சி.எச்.க்யூ., இந்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் மூன்றும் அதில் இடம்பெற்றன. அளவுகோலை மாற்றினால் பட்டியலும் மாறிவிடுகிறது.

எந்த உத்தியால் தடுக்கிறார்கள் என்பதையும் செய்தியில் சொல்ல வேண்டும். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் டி.என்.எஸ். சர்வரில் பொய் சொல்ல வைப்பதே மலிவான வழி. 2014 மார்ச்சில் துருக்கி ட்விட்டரை இப்படித்தான் முதலில் அடைத்தது. தடையைத் தாண்ட மக்கள் கூகுளின் 8.8.8.8 என்ற டி.என்.எஸ். எண்ணைச் சுவர்களில் எழுதிப் பரப்பினார்கள். சில நாளில் அந்த எண்ணுக்குப் போகும் வழியையே அங்குள்ள தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தம் பக்கம் திருப்பிக்கொண்டன. ஐ.பி. முகவரியை, அதாவது அந்த எண் முகவரியையே அடைத்தால், அதைப் பகிர்ந்துகொள்ளும் அக்கம்பக்கத்துத் தளங்களும் சேர்ந்து விழும். 2018இல் டெலிகிராமைத் துரத்திய ரஷ்யா, அமேசான், கூகுள் சர்வர்களின் ஒரு கோடிக்கும் மேற்பட்ட முகவரிகளை அடைத்தது. யார் யாருடைய சேவைகளோ நின்றன, டெலிகிராம் ஓடிக்கொண்டிருந்தது.

தகவலைப் பிறர் படிக்காதபடி மறைத்தனுப்பும் எச்.டி.டி.பி.எஸ். பூட்டு இருக்கிறதே என்று கேட்கலாம். கடிதத்தை உறைக்குள் ஒட்டினாலும் மேலே முகவரி தெரிவதுபோல, இணைப்புத் தொடங்கும்போது தளத்தின் பெயர் வெளிப்படையாகப் போகிறது. இதற்கு எஸ்.என்.ஐ. என்று பெயர். சீனா இதைப் படித்து இணைப்பை அறுக்கிறது. 2019 பிப்ரவரியிலிருந்து தென்கொரியாவும், இந்தியாவில் சில ஆபரேட்டர்களும் இதையே செய்கிறார்கள். உத்தியை மட்டும் பார்த்து ஆட்சிமுறையை ஊகிக்க முடியாது என்பதற்கு இது போதும்.

கண்டுபிடிக்கக் கடினமானது வேகக் குறைப்பு. தளம் திறக்கும், படம் மட்டும் வராது. பழி ஆபரேட்டர் மீது விழும். 2021 மார்ச்சில் ட்விட்டரை இப்படி மந்தமாக்கிய ரஷ்யா, அதன் சுருக்க முகவரியான 'டி டாட் கோ' என்ற எழுத்துகள் பெயரில் எங்கு வந்தாலும் பிடிக்கும்படி விதி எழுதியது. 'மைக்ரோசாஃப்ட் டாட் காம்', 'ரெடிட் டாட் காம்' இரண்டும் மாட்டின. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தால் காரணம் விளங்கும்.

கடைசியாக, மொத்தத் துண்டிப்பு. 2011 ஜனவரி இறுதியில் எகிப்து ஐந்து நாள் நாட்டையே துண்டித்தது. 2019 நவம்பரில் ஈரான் வெளிநாட்டு இணைப்பை மட்டும் வெட்டி, உள்நாட்டு வங்கிச் சேவைகளை ஓடவிட்டது. இந்தியாவின் தனித்தன்மை மாவட்ட வாரியான மொபைல் டேட்டா முடக்கம்: இணைய உரிமை அமைப்பான ஆக்சஸ் நவ் கணக்கில் 2023இல் 116 முறை, 2024இல் 84 முறை. தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டை அடுத்து 2018 மே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் நடந்தது இந்த வகை. இலங்கையின் பழக்கம் வேறு. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் மூன்று முறையும் நாடு முழுவதும் சமூக ஊடகங்களைச் சில மணி நேரமோ சில நாளோ அடைத்தார்கள். ஈழத் தமிழர் செய்தித் தளமான தமிழ்நெட்டோ 2007இலிருந்து ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தது.

உத்தரவு யாருடையது என்பதையும் செய்தி சொல்ல வேண்டும். இணைய முடக்க உத்தரவுகளை வெளியிட்டாக வேண்டும் என்று 2020 ஜனவரியில் காஷ்மீர் செய்தியாளர் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவில் தளங்களை அடைக்கும் உத்தரவுகளோ 2009 விதிகளின்படி ரகசியம். மூன்றாவது வழி நீதிமன்றம். 2012இல் திரைப்படத் திருட்டைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் தந்த உத்தரவை வைத்து, ஆபரேட்டர்கள் காணொளித் தளமான விமியோ போன்றவற்றை முழுதாக அடைத்தார்கள். குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் அடைக்கும்படி நீதிமன்றம் பின்னர் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று.

'தளம் முடக்கம்' என்று வாசகர் சொன்னால் செய்தியாளர் சில நிமிடங்களில் சோதிக்கலாம். வேறு ஆபரேட்டரின் சிம்மில் அதே தளத்தைத் திறந்து பாருங்கள்; இந்தியாவில் ஒரே தளம் ஒன்றில் அடைபட்டு மற்றொன்றில் திறப்பது சாதாரணம். பெயரே கிடைக்கவில்லை என்று பிரவுசர் சொன்னால் டி.என்.எஸ்.ஸை மாற்றிப் பாருங்கள். திறந்தால் கோளாறு அங்கேதான். 'இணைப்பு மீட்டமைக்கப்பட்டது' என்று உடனே வந்தால் எஸ்.என்.ஐ. மீது சந்தேகம் கொள்ளலாம். நெடுநேரம் சுற்றிவிட்டு நின்றால் ஐ.பி. தடையாக இருக்கலாம், அந்த சர்வரே படுத்துமிருக்கலாம். 451 என்ற பிழை எண் சட்டக் காரணத்தைக் குறிக்கும்; ஆனால் தடுத்தது அரசு என்று அதற்குப் பொருளில்லை. ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018இல் அமலுக்கு வந்தபோது, சில அமெரிக்க நாளிதழ்கள் தாமே ஐரோப்பிய வாசகர்களுக்கு இந்த எண்ணைக் காட்டிக் கதவடைத்தன.

இணையத் தணிக்கையை அளக்கும் ஊனி அமைப்பின் இலவசச் செயலியில் இச்சோதனைகளை ஒரே தட்டலில் நடத்தலாம். முடிவுகள் பொதுவெளியில் பதிவாகும் என்பதால், கெடுபிடி நாடுகளில் யோசித்தே பயன்படுத்த வேண்டும். தடை அறிவிப்புப் பக்கம் கண்டறியப்பட்டால்தான் அது 'உறுதி' என்று குறிக்கும். மற்றதெல்லாம் 'முரண்' மட்டுமே. முரண் என்று வந்ததை 'அரசு முடக்கியது' என்று தலைப்பிட வேண்டாம்.

வலையமைப்புப் பொறியாளர்,
திருச்சி.