பச்சைக் காட்டுப் பெயர்

மொன்றியல்

அன்புள்ள மச்சான்,

மூன்று மாதமாகப் பதில் போடாதது என் பிழைதான். முழங்கால் பரவாயில்லை. பேத்தி பிறந்து நாற்பத்தொன்றாம் நாள் கழிந்துவிட்டது, தாயும் பிள்ளையும் சுகம். மற்ற வீட்டுக் கதையெல்லாம் பிறகு.

பிள்ளை பிறந்த கையோடு சம்பந்தி அம்மா மேசையில் பெரிய தாள் ஒன்றை விரித்து, "இரண்டு பக்கத்து வம்சத்தையும் எழுதிவைப்போம்" என்றார். அவருடைய தகப்பன் வழிப் பெயர் கிறீன்வுட். வீட்டில் பிரெஞ்சைத் தவிர வேறு மொழி பேசாத குடும்பத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

பாட்டனார் அமெரிக்காவில் லோவல் பஞ்சாலையில் வேலை செய்தவராம். 1840 முதல் 1930 வரை ஏறக்குறைய ஒன்பது லட்சம் பேர் எங்கள் கியூபெக் மாகாணத்தை விட்டு அப்படிப் போயிருக்கிறார்கள். போன இடத்தில் பிரெஞ்சுப் பெயரை ஆங்கிலமாக்கி, லெப்லாங் என்றவர் வைற் ஆனார், ருவா என்றவர் கிங் ஆனார். இவர்கள் புவாவேர். பச்சைக் காடு என்று பொருள். அதுதான் கிறீன்வுட்! சரி, பிடித்துவிட்டேன் என்று பழைய பதிவேடுகளுக்குள் இறங்கினால், பின்னே போகப் போகப் புவாவேர் ஒருவரையும் காணோம்.

மூன்றாம் இரவு ஒரு கல்யாணப் பதிவில் அகப்பட்டது: "தெனெவேர் டி புவாவேர்." 'டி' என்றால் 'எனப்படும்'. ஒரே பெயரில் பல குடும்பம் இருந்தால் பிரித்தறிய இப்படி ஒரு பட்டப்பெயர் சேர்ப்பார்களாம். 1665இல் வந்த கரின்யான் என்ற பிரெஞ்சுப் படைக்காரர்களில் நானூறு பேரளவில் இங்கேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்கும் பட்டாளத்தில் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. லாஃப்ளர் என்றால் பூ. சான்சூசி என்றால் கவலையில்லாதவன். உனக்கு அதைத்தான் வைத்திருப்பார்கள். பேரன் காலத்தில் ஒரு தம்பி முதல் பெயரைப் பிடித்துக்கொள்வான், மற்றவன் பட்டப்பெயரை. இரண்டு தலைமுறையில் ஒரே இரத்தம் அந்நியராகிவிடும்.

இவ்வளவு குழப்பத்துக்குள்ளும் வழி விடாமல் கூட்டிப்போவது பெண்களின் பெயர், மச்சான். ஞானஸ்நானம் முதல் அடக்கம் வரை பங்குக் குருவானவர் பெண்ணைப் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதியிருக்கிறார். கல்யாணப் பதிவில் பெரும்பாலும் இரு பக்கத்துத் தாய் தகப்பன் நான்கு பேருடைய பெயரும் இருக்கும். அடியில், "கையெழுத்து வைக்கத் தெரியாது என்று அறிவித்தார்கள்" என்று ஒரு வரி. கையெழுத்துத் தெரியாத அந்தப் பெண்ணை முந்நூறு வருஷத்துக்குப் பிறகு நான் தாய் தகப்பனோடு கண்டுபிடிக்கிறேன். மகள் கல்யாணத்துக்குப் பிறகும் என் பெயரோடு இருக்கிறாள் என்று பெரியம்மா கோபப்பட்டாரே, அவருக்குச் சொல்: 1981 முதல் இங்கே சட்டமே அப்படித்தான்.

தாளில் சம்பந்தி பக்கம் நிறைந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஐந்து பெயர். அதில் பெண் ஒன்றே ஒன்று. தோம்பு என்ற பழைய காணிப் பதிவேட்டிலும் காணி உறுதியிலும் "இன்னாரின் பாரி", அதாவது மனைவி, என்று எழுதி முடித்துவிட்டார்கள். செத்தவரின் வம்சத்தைச் சொல்லி அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடிக்கும் கல்வெட்டுப் புத்தகங்களை அப்பா ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார், உனக்கு ஞாபகமிருக்கும். 95இல் வீட்டோடு அதுவும் போயிற்று.

1640இல் கியூபெக் நகரக் கோயில் எரிந்து பதிவேடும் சாம்பலானபோது, ஞாபகத்திலிருந்தே எல்லாவற்றையும் திரும்ப எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்த இரவுதான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். உன் அம்மா இன்னும் தெளிவாகக் கதைக்கிறார் என்றாய். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் இருந்து கேள். என் அப்பாச்சியின் தாய்க்கு என்ன பெயர், எந்த ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர், அவருக்குச் சகோதரிகள் இருந்தார்களா? கிணற்றடி வாத்தியார் வீட்டுப் பக்கத்தையும் விடாதே. அவர் கதை மாறினாலும் மறுத்துப் பேசாமல் அப்படியே எழுது. முடிந்தால் குரலையும் பதிந்து அனுப்பு.

இந்தக் கிழமையே கேள், மச்சான்.

உன்
நெட்டையன்