ஒரு ஹோஸ் மாற்ற ஏன் ஒரு பகல்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

பழைய கார்களின் றேடியேற்றர் ஹோஸ் (எஞ்சினுக்கும், அதன் தண்ணீரை ஆறவைக்கும் றேடியேற்றருக்கும் இடையில் உள்ள றப்பர் குழாய்) மாற்றும் வேலைக்கு இனிமேல் காலையில் வண்டியை விட்டுவிட்டு மாலையில் வந்து எடுக்கச் சொல்கிறோம். மேல் ஹோஸ் மட்டும் கசிந்தாலும் கீழ் ஹோஸையும் அவற்றின் நுனிகளை இறுக்கும் கிளிப்புகள் நான்கையும் சேர்த்தே மாற்றுகிறோம். "ஒரு றப்பர் குழாய்க்கு இவ்வளவு நேரமும் இவ்வளவு காசுமா?" என்று உங்களில் பலர் கேட்டுவிட்டீர்கள். கேட்பது நியாயம். வாசலில் நின்று அவசரமாகச் சொல்வதைவிட எழுதித் தருவது நல்லது என்று பட்டது.

முதலில் எங்கள் பிழையைச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மேல் ஹோஸ் கசிகிறது என்று தமது பழைய ஜப்பான் காரைக் கொண்டுவந்தார். அதை மட்டும் மாற்றிக் கொடுத்தோம். கீழ் ஹோஸ் பார்வைக்குக் கறுப்பாக, பளபளப்பாக இருந்தது, தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் வாரம் பதுளை வீதியில், பசறைக்குப் போகும் ஏற்றத்தில் அது பிளந்தது. காரில் அவருடைய மனைவியும் இரண்டு பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். வெப்பமானி முள் மேலே ஏறி, பிறகு திடீரென்று கீழே விழுந்ததாம். சூடு தணிந்துவிட்டது என்று நினைத்து ஓட்டியிருந்தால் எஞ்சின் போயிருக்கும். தண்ணீர் வடிந்துபோனால் அந்த முள் சூட்டைச் சரியாகச் சொல்லாது. அவர் உடனே நிறுத்திவிட்டார். காரை எங்கள் செலவில் இழுத்துவந்தோம். அவர் கோபிக்கவில்லை. "நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று நம்பினேன், தம்பி" என்றார். அந்த நம்பிக்கையைக் கெடுத்தது நாங்கள்தான்.

அந்தக் கீழ் ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பார்த்தோம். பிளந்துபோன ஓரிடத்தைத் தவிர வெளிப்புறத்தில் ஒரு கீறல் இல்லை. உட்புறத்தில், கிளிப் இருந்த இடத்திலிருந்து இரண்டு விரற்கடை தூரத்துக்குள், நகத்தால் கீறியதுபோல் நெடுக்காக வெடிப்புகள். சில வெடிப்புகள் றப்பருக்குள் வலுவுக்காக வைத்திருக்கும் நூல்வரை போயிருந்தன. மற்ற முனையிலும் அப்படியே. எஞ்சின் உலோகமும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்த நீரும் கரி கலந்த றப்பரும் சேர்ந்து ஒரு சிறு பற்றரிபோல் ஆகிவிடுகின்றன. அந்த மின் அரிப்பு றப்பரை உள்ளிருந்தே தின்கிறது. அதனால்தான் வெளிப்பளபளப்பை நம்பி எந்த ஹோஸையும் நல்லது என்று சொல்ல முடியாது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ஹோஸின் நுனியைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அழுத்திப் பாருங்கள். பிறகு நடுப்பகுதியை அழுத்துங்கள். நடு இறுக்கமாக இருக்க நுனி மட்டும் தொளதொளவென்று அமுங்கினால், அல்லது உள்ளே பள்ளம்போல் விரலுக்குத் தட்டுப்பட்டால், அந்த ஹோஸின் காலம் முடிந்துவிட்டது. மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் ஒரே வயது என்றால் ஒன்று போனபின் மற்றதை விட்டுவைப்பது வீண் துணிச்சல்.

நேரம் எங்கே போகிறது என்று கேட்டால், பாதி நேரம் எஞ்சின் ஆறுவதற்கே போகிறது. பழைய ஜப்பான் கார்கள் பலவற்றின் றேடியேற்றர் மூடிகளில் 0.9 என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மூடி தாங்கும் அழுத்தம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 118 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் விட்டுப்போய், உள்ளே இருப்பது அந்தக் கணமே ஆவியாகிச் சீறும். எங்கள் பையன்களின் முகத்தை அதற்குமுன் நிறுத்த மாட்டோம்.

பழைய ஹோஸ், அது மாட்டியிருக்கும் உலோகக் குழாய் வாயோடு ஒட்டிப்போயிருக்கும். முறுக்கி இழுத்தால் விரைவாக வரும். ஆனால் மொறிஸ் மைனர் போன்றவற்றின் பித்தளை றேடியேற்றரில் அந்த வாய் ஈயம் வைத்துப் பற்றவைத்தது. முறுக்கினால் பற்று விட்டுவிடும், ஹோஸ் வேலை றேடியேற்றர் வேலையாகிவிடும். ஆகவே ஹோஸை வெட்டித்தான் உரிக்கிறோம். பிறகு வாயில் படிந்த வெள்ளைப் பொருக்கை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து எடுக்கிறோம். அந்தப் பொருக்கின்மேல் புதிய ஹோஸைப் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

கீழ் ஹோஸுக்குள் சில கார்களில் ஒரு கம்பிச் சுருள் இருக்கும். தண்ணீர்ப் பம்ப் உறிஞ்சும்போது குழாய் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான். பழையதோடு அதையும் எறிந்துவிட்டால் ஊருக்குள் ஒன்றும் தெரியாது. வேகமாக ஓடும்போதுதான் சூடு ஏறும், காரணமும் பிடிபடாது. புதிய ஹோஸை ஏற்ற கிறீஸோ ஒயிலோ பூசுவதில்லை, அவை றப்பரை ஊதவைக்கும். சவர்க்காரத் தண்ணீர் போதும். கிளிப், குழாய் வாயின் விளிம்புப் புடைப்புக்குப் பின்னால் உட்கார வேண்டும். புடைப்பின்மேல் இருந்தால் வழுக்கிக் கழன்றுவிடும். கல்லடிக் கடற்காற்றில் சாதாரண இரும்புக் கிளிப் துருப்பிடித்துவிடுகிறது, எனவே துருப்பிடிக்காத எஃகில் வாங்குகிறோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்: றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கும் நம் கிணறுகள் பலவற்றில் உவர் இருக்கிறது. பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீரையும் கூலன்டையும் கலந்தே ஊற்றுங்கள். பழைய கூலன்டை முற்றத்தில் கொட்டவும் வேண்டாம். அது இனிக்கும், ஆடும் நாயும் நக்கும், அது நஞ்சு. எங்களிடம் கொண்டுவந்து தாருங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் உங்களைச் சுமந்தவை இந்தப் பழைய கார்கள்தான். அவற்றைப் பாதி வேலையோடு அனுப்ப எங்களுக்கு மனமில்லை.

புதிய றப்பர் சூடேறி ஆறும்போது சற்று அமுங்கும், கிளிப் தளரும். ஆகவே 300 கிலோமீற்றர் ஓடியபின் ஒரு காலை, எஞ்சின் சூடேறுமுன் வாருங்கள். இறுக்கிவிடுகிறோம், காசு வேண்டாம். உங்கள் பழைய ஹோஸைப் பிளந்து டிக்கியில் வைத்திருப்போம். உட்புறத்தை நீங்களே பாருங்கள்.

இப்படிக்கு,
கராஜ் பொறுப்பாளர்,
கல்லடி, மட்டக்களப்பு.