ஆடுதுறைக்கு ஒரு டிக்கெட்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று காலை கடை திறந்த கையோடு ஒரு அம்மா வந்தார். மகள் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் பார்க்க வேண்டும் என்றார். நான் எழுந்து போய், "அண்டா என்ன அளவில் பார்க்கிறீங்கம்மா?" என்று கேட்டேன். கல்லாவில் இருந்த முதலாளி தலையைத் தூக்கிப் பார்த்தார். எதிர்ப்பக்கம் குத்துவிளக்கு துடைத்துக்கொண்டிருந்த பையன் துணியைக் கீழே வைத்துவிட்டான். அந்த அம்மாவுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. ஒரு ஆள் அண்டா என்று சொன்னதற்குக் கடையே ஏன் கண்கலங்குகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

உங்களுக்குத் தெரியும். நான்கு வருஷமாக என் வாயில் முழுசாக வராத சொல் அது. நடந்ததையெல்லாம் திரும்ப எழுதப் போவதில்லை, கூடவே இருந்து பார்த்தவர்கள் நீங்கள். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். சொல்லப் போனால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. இந்தத் தடவை வியாதியால் அல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் முதலாளிக்கு. வாயால் பிழைக்கிற வேலையில் வாய் போனவனை வைத்துக்கொள்வது சுலபம் இல்லை. நீங்கள் என்னை வியாபாரத்திலிருந்து எடுத்துப் பேர் வெட்டுகிற மேஜையில் உட்கார வைத்தீர்கள். சம்பளத்தில் கை வைக்கவில்லை. சென்னையில் வீட்டில் தங்க வைத்து, ஆஸ்பத்திரிக்கு அலைந்த அக்காவுக்கும் அத்தானுக்கும். போன் வந்தால் ஓடிவந்து எடுத்துப் பேசிய என் மனைவிக்கு. அதிமதுரமும் சித்தரத்தையும் இடித்துக் கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு. திருபுவனம் கோயிலில் நடுக்கம் தீர்த்த நாயகர் சந்நிதியில் எனக்காக நின்ற அம்மாவுக்கு. என்ன பேர் என்று தெரியாமலே நான்கு வருஷம் திரிந்த ஒன்றுக்குப் பேர் சொன்ன டாக்டரம்மாவுக்கும், பேச்சுப் பயிற்சி கொடுத்த அந்தப் பெண்ணுக்கும். உங்கள் எல்லோருக்கும் நான் கடன்பட்டவன்.

அது என்ன வியாதி என்று இன்னும் பல பேர் கேட்கிறீர்கள். ஸ்பாஸ்மோடிக் டிஸ்ஃபோனியா என்கிறார்கள். தொண்டையில் கட்டி, புண் எதுவும் கிடையாது. நாம் பேசும்போது இரண்டு குரல் நாண்களும் மெதுவாகச் சேர்ந்து அதிர வேண்டும். ஆம்பிளைக் குரலுக்கே ஒரு நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அதிரும். எனக்கு மூளையிலிருந்து வருகிற கட்டளை பிசகி, அவை ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. குரல் நெரிபட்டு, துண்டு துண்டாக அறுந்து வருகிறது. கேட்கிறவர்கள் நான் அழுகிறேன் என்று நினைப்பார்கள். குடித்திருக்கிறேன் என்று நினைத்தவர்களும் உண்டு.

இதில் ஒரு விசித்திரம், கிசுகிசுத்தால் வரும். சிரித்தால் வரும். என்னைப் போன்ற பலருக்குப் பாட்டும் தடையில்லாமல் வரும். மகளைத் தூங்க வைக்க ராகம் இழுத்தால் பழைய குரல்தான். அந்தக் குரலிலேயே "தூங்கும்மா" என்று சொல்லப் போனால் அறுந்துவிடும். "பாட வருது, பேச மட்டும் வராதா?" என்று கேட்டவர்கள் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. நானே என்னை அப்படிச் சந்தேகப்பட்டிருக்கிறேன். மனசைத் திடப்படுத்திக்கொண்டால் சரியாகிவிடும் என்று ஒரு டாக்டர் சொல்லி அனுப்பினார். அதை நம்பி ஒரு வருஷம் மனசோடு சண்டை போட்டேன். 1871-இல் ஜெர்மனியில் ட்ரௌபே என்ற மருத்துவர் இதை எழுதிவைத்தபோதே நரம்புப் பதற்றத்தால் வரும் கரகரப்பு என்றுதான் பேர் வைத்தாராம். அதற்கப்புறமும் வெகுகாலம் இதை மனக்கோளாறு என்றே பார்த்திருக்கிறார்கள். அத்தனை பேர் அத்தனை காலம் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

எனக்கு வந்திருக்கிற வகையில் உயிரெழுத்துதான் எமன். அ, ஆ, இ, உ என்று தொடங்கினால் முதல் எழுத்திலேயே நாண் இறுகிக்கொள்ளும். க, ச, ப என்று தொடங்கினால் குரல் எழும்புவதற்கு முன் காற்று மட்டும் போகிற ஒரு கணம் கிடைக்கும், அந்த இடுக்கில் தப்பித்து ஓடிவிடலாம். இதைப் பயிற்சி கொடுத்த பெண் விளக்கியது அப்புறம். அதற்கு முன்பே என் நாக்கு கண்டுபிடித்துவிட்டது. அண்டாவைப் பெரிய பாத்திரம் ஆக்கினேன். எவர்சில்வரைச் சில்வர் ஆக்கினேன். என் மகள் பெயர் உயிரெழுத்தில் தொடங்கும். அவளை நான்கு வருஷம் பாப்பா என்று மட்டும்தான் கூப்பிட்டேன்.

என் ஊரும் உயிரெழுத்தில்தான் தொடங்குகிறது. அங்கேதான் தம்பி, நீங்கள் வருகிறீர்கள்.

கும்பகோணத்திலிருந்து மாயவரம் போகிற பஸ்ஸில், சாயங்கால டிரிப்பில் கண்டக்டராக வந்த தம்பிக்குத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். உங்கள் பேர் எனக்குத் தெரியாது. தினமும் உங்கள் பஸ்ஸில்தான் வீடு திரும்பினேன். ஆடுதுறை என்று கேட்க முடியாது, முதல் எழுத்திலேயே மூச்சு முட்டிக்கொண்டு நிற்பேன், பின்னால் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அதனால் குத்தாலம் என்று கேட்பேன். கூடுதல் காசு கொடுத்துக் குத்தாலத்துக்கு டிக்கெட் எடுத்து, ஆடுதுறையில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தேன். மாதக்கணக்கில் இப்படியே ஓடியது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள். ஷட்டரை இறக்கிவிட்டு எல்லோரும் நனைந்த குடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தோம். நான் குத்தாலம் என்றேன். நீங்கள் மெஷினில் விரலை வைத்தவர் அழுத்தவில்லை. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அண்ணே, தினம் ஆடுதுறையிலதானே இறங்கறீங்க. ஏன் குத்தாலம் எடுக்கறீங்க?" என்றீர்கள். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். கையை ஆட்டினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த இடத்தில் என் மேல் பிரியம் உள்ள யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். "சரி சரி, ஆடுதுறைதானே, இந்தாங்க" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்திருப்பார்கள். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. "ஆடுதுறைன்னே கேளுங்கண்ணே. திருவிடைமருதூர் வர்றதுக்குள்ள சொன்னாப் போதும். நான் நிக்கிறேன்" என்றீர்கள்.

நின்றீர்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் வாயைப் பார்க்காமல், ஷட்டர் இடுக்கில் தெரிந்த மழையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். வாயைப் பார்க்காமல் இருந்தீர்களே, அதற்கே தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். பேச வராதவனுக்கு எதிராளியின் பார்வை உதட்டில் வந்து உட்கார்ந்தால் அது எவ்வளவு கனக்கும் என்று யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? பின் சீட்டிலிருந்து ஒருவர், "அவர் எங்க போறார்னுதான் தெரியுமே, குடுத்துட்டு வாங்க சார்" என்றார். "அவர் சொல்லட்டும்" என்றீர்கள். கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாக.

ஆ என்று இழுத்து, அறுந்து, மறுபடி ஆ என்று தொடங்கி, எத்தனை துண்டாக வந்தது என்று நினைவில்லை. திருபுவனம் கோபுரம் தாண்டியதும் சொல்லி முடித்தேன். டிக்கெட்டைக் கொடுத்தீர்கள். மிச்சச் சில்லறையை எண்ணிக் கொடுத்தீர்கள். பாராட்டவில்லை, தட்டிக்கொடுக்கவில்லை, அடுத்த சீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

அன்றிலிருந்து தினமும் அதுதான் நடந்தது. சில நாள் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் சொல்லிவிடுவேன். சில நாள் நீங்கள் பின்பக்கம் வரை போய் எல்லோருக்கும் டிக்கெட் போட்டுவிட்டு வந்து நிற்பீர்கள். ஒரு நாளும் என் சொல்லை நீங்கள் முடித்ததில்லை.

வீட்டிலும் கடையிலும் எல்லோரும் எனக்காகப் பேசினார்கள். அன்பால்தான். அதில் ஒரு குறையும் நான் சொல்லவில்லை. ஆனால் ஆரம்பித்த சொல்லையெல்லாம் மற்றவர் முடித்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் ஆரம்பிப்பதையே மனுஷன் விட்டுவிடுகிறான். நான் விட்டிருந்தேன். சென்னைக்குப் போய் இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம் என்று அக்கா மூன்று தடவை கூப்பிட்டும் போகாதவன், அந்த ஐப்பசி முடிவதற்குள் கிளம்பினேன். தினமும் ஒரு சொல்லையாவது சொந்தமாகச் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் கிளம்பினேன் என்று நிச்சயமாகச் சொல்வேன்.

அங்கேதான் மூக்கு வழியாகக் கேமராவை விட்டு, பேசச் சொல்லி, பாடச் சொல்லி, நாண் இறுகுவதைத் திரையில் எனக்கே காட்டினார்கள். சிகிச்சை, முகச் சுருக்கத்துக்குப் போடுகிறார்களே, அதே போடாக்ஸ் ஊசிதான். 1984-இல் நியூயார்க்கில் ஆண்ட்ரூ பிளிட்சர் என்ற டாக்டர் இதைக் குரல் நாண் தசைக்கு முதலில் போட்டிருக்கிறார். கழுத்தின் முன்பக்கம் வழியாக ஊசி போகிறது. ஊசியிலிருந்து ஒரு வயர் மெஷினுக்குப் போகிறது. "ஈ சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. சொன்னேன். தகரக் கூரையில் மழை வலுத்த மாதிரி மெஷினிலிருந்து ஒரு இரைச்சல். அது என் தசையின் சத்தமாம். ஊசி சரியான இடத்தில் இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். நான்கு வருஷம் என்னை நெரித்ததை அன்றுதான் காதால் கேட்டேன்.

ஊசிக்கு அப்புறம் முதல் பத்து நாள் வெறும் காற்றுதான். தண்ணீர் குடித்தால் புரைக்கும், தாடையை இறக்கி வாய் வாயாகக் குடிக்க வேண்டும். அந்த நாட்களில் பஸ்ஸில் நீங்கள் காதை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து கேட்டீர்கள். அப்போதும் அவசரப்படவில்லை.

இப்போது குரல் வந்துவிட்டது. இது நிலைக்காது என்று எனக்குத் தெரியும். மூன்று நான்கு மாதத்தில் மருந்து வடியும், பழையபடி அறுக்க ஆரம்பிக்கும், மறுபடி ஊசி. அடியோடு குணமாக்கும் வைத்தியம் இதுவரை இல்லை. அமெரிக்காவில் டயேன் ரீம் என்று ஒரு வானொலி அம்மா இருக்கிறார். பேசுவதே தொழில். 1998-இல் அவருக்கு இதே நோய் என்று தெரிந்து, சிகிச்சை எடுத்துக்கொண்டே 2016 வரைக்கும் தினசரி நிகழ்ச்சி நடத்தியிருக்கிறார். பயிற்சி கொடுத்த பெண் போனில் அவர் குரலைப் போட்டுக் காட்டினார். மெதுவாக, கொஞ்சம் நடுங்கி, ஆனால் முடிக்கிற வரைக்கும் அவரே பேசினார். எனக்கு அது போதும்.

மருந்து வடிந்தாலும் இனி குத்தாலத்துக்கு டிக்கெட் எடுக்க மாட்டேன். பாப்பாவை அவள் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், எத்தனை துண்டாக வந்தாலும். பேர் வெட்டுகிற மேஜைக்கு யாராவது திக்கித் திணறிப் பேர் சொல்ல வந்தால், அவர் சொல்லி முடிக்கும்வரை மெஷினை ஆன் பண்ண மாட்டேன்.

தம்பி, நேற்று சாயங்காலம் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்து பஸ் ஏறினேன். வேறு கண்டக்டர் இருந்தார். உங்களை வேறு ரூட்டுக்கு மாற்றிவிட்டார்களாம். அவரிடம், "ஆடுதுறை ஒண்ணு" என்றேன். டக்கென்று கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் பேரைக்கூட அவரிடம் கேட்கத் தோன்றவில்லை, இறங்கிய பிறகுதான் உறைத்தது. இத்தனை மாதத்தில் உங்களிடமும் கேட்டதில்லை. "உங்க பேர் என்ன" என்பது உ-வில் தொடங்குகிறது.

நான் கொண்டுவருகிற மஞ்சள் பையில் கடைப் பேர் போட்டிருக்கும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதைப் படித்தால், உங்களைத் தெரிந்தவர் யாராவது படித்துச் சொன்னால், ஒரு நாள் கடைக்கு வாருங்கள். ஒரு பித்தளைச் செம்பு எடுத்து வைத்திருக்கிறேன். பேர் வெட்ட வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. வந்தால் நானே கேட்கிறேன்.

அன்புடன்,
ஆடுதுறை அண்ணன்