செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், இன்று பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் மாதிரி விமானச் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. பள்ளிப் பிள்ளைகளுக்கான கோடைப் பயிற்சி வழக்கம்போல நடந்தது. நூலகத்துக்குப் புதிதாகச் சில நூல்கள் வந்துள்ளன.

இவ்வாண்டின் பெரும்பணி கொரியப் போர்க் காட்சி மேசை. இருதரப்பிலும் ஜெட் விமானங்கள் பெரிய அளவில் மோதிக்கொண்ட முதல் போர் அது. அதில் பெயர் பெற்ற ஏஸ் விமானிகளின், அதாவது ஐந்து எதிரி விமானங்களையாவது வீழ்த்தியவர்களின், அமெரிக்க எஃப்-86 சேபர்களையும் சோவியத் மிக்-15களையும் 1/48 அளவில் (அசலில் 48இல் ஒரு பங்கு) எதிரெதிரே வைப்பது திட்டம். இதற்கு ஏன் இவ்வளவு காலம் பிடித்தது என்று செயற்குழுவில் கேட்கப்பட்டதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்க விமானி ஜேம்ஸ் ஜபாரா 1951 மே 20 அன்று தம் ஐந்தாவது, ஆறாவது மிக்குகளை வீழ்த்தியதாகக் கணக்கு. ஜெட்டை ஜெட்டால் வீழ்த்தி ஏஸ் ஆன முதல் அமெரிக்கர் அவர். அன்று அவர் ஓட்டியது எஃப்-86ஏ. அதற்கு முன்கண்ணாடி வி வடிவில் இருக்கும். இறக்கையின் முன்விளிம்பில் ஸ்லாட் எனும் நகரும் பட்டை இருக்கும். விமானம் தரையில் நிற்கும்போது ஸ்லாட் திறந்தே கிடக்கும். இன்னொரு அமெரிக்க ஏஸ் ஜோசப் மெக்கானல் 1953இல் ஓட்டிய எஃப்-86எஃப் வேறு. அந்த ரகத்தில்தான் ஸ்லாட்டை எடுத்துவிட்டு, முன்விளிம்பை உடலை ஒட்டிய அடியில் 6 அங்குலமும் நுனியில் 3 அங்குலமும் நீட்டிய இறக்கை வந்தது. உயரத்தில் இறுக்கித் திரும்பும்போது மிக்கை விட்டுவிடாமல் தொடர அது உதவியது. ஒரே கிட்டை (மாதிரி செய்யும் பாகங்களின் பெட்டியை) வாங்கி இருவர் பெயரையும் ஒட்டிவிட முடியாது. சேபர்களில் தீட்டும் மஞ்சள் பட்டையும் அப்படியே. ஜபாராவின் படைப்பிரிவு அப்போது கறுப்பு வெள்ளைப் பட்டையோடு பறந்தது. மஞ்சள் பின்னால் வந்தது.

மிக்கில் தொல்லை எடையில். மூக்கில் எடை வைக்காவிட்டால் மாதிரி வாலில் உட்கார்ந்துவிடும். மூக்கு முழுவதும் காற்று உள்வாங்கும் குழாய் என்பதால் இடமே இல்லை. விமானி அறையின் அடியிலும் குழாயின் மேல்புறத்திலும் தூண்டில் ஈயக்குண்டுகளைத் திணிக்க வேண்டும். உடலை ஒட்டுமுன் எல்லாவற்றையும் டேப்பால் கட்டி, பின்சக்கரங்கள் வரும் இடத்தில் இரு குச்சிகளைத் தாங்கலாக வைத்துப் பாருங்கள். மூக்கு தானாகக் கீழே சாய வேண்டும். ஈயத்தை வெள்ளைப் பசையால் ஒட்டாதீர்கள். நாளடைவில் ஈயம் பொரிந்து உப்பி உடலையே பிளக்கும். சூப்பர் குளூ அல்லது எபாக்ஸிதான்.

சேபரின் வெள்ளிப் பூச்சுக்கு முதலில் பளபளப்பான கறுப்பு. இரண்டு நாள் காயவிட்டு, 2000 எண் உப்புத்தாளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, அதன்மேல் அலுமினியத்தை 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். ஈரப்பதம் மிகுந்த நாளில் லாக்கர் வண்ணம் அடித்தால் புகை படிந்ததுபோல் வெளுக்கும். தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிரவைப்பதால் அங்கே நீர் படிவதே காரணம். மெதுவாக உலரும் தின்னரை மெல்லத் தூவினால் பெரும்பாலும் சரியாகும். மழைக்காலத்தில் வேலையை நிறுத்தி வைத்ததற்குக் காரணம் இதுதான்.

அடுத்து, சிலருக்கு மனத்தாங்கல் தந்த விளக்கப் பலகை. மெக்கானல் 16, ஜபாரா 15, மறுபுறம் சோவியத் விமானிகள் பெப்பெல்யாயெவ் 19, சுத்யாகின் 21 அல்லது 22 என்று வீழ்த்திய விமானங்களின் கணக்கை எழுதி, எல்லாவற்றுக்கும் மேலே ‘உரிமை கோரியவை’ என்று தலைப்பிட்டேன். இது விமானிகளைக் குறைத்துப் பேசுவதாகச் சொல்லப்பட்டது. அப்படி இல்லை. சேபர்கள் வீழ்த்தியதாக அமெரிக்கா அறிவித்த மிக்குகள் 792. சோவியத்தின் 64ஆம் போர்விமானப் படை ஒப்புக்கொண்ட மொத்த இழப்பு 335 விமானங்கள். சீன, வட கொரிய இழப்புகள் தனி. சோவியத் தரப்பு கோரிய சேபர்கள் ஏறக்குறைய 650. ஆனால் கொரியாவில் எல்லாக் காரணங்களாலும் அமெரிக்கா இழந்த சேபர்களே 224தான்.

இதில் பொய்யைவிடச் சூழ்நிலையே பெரிது. சேபரின் ஆறு 0.50 அங்குலத் துப்பாக்கிகளின் குண்டுகள் மிக்கைத் துளைத்தாலும் அது பல முறை புகைந்தபடியே சீன எல்லையான யாலு ஆற்றைக் கடந்து வீடு சேர்ந்தது. துப்பாக்கிக் கேமராவில் குண்டு பட்டது தெரியும், விழுந்தது தெரியாது. மிக்கில் 37 மிமீ பீரங்கிக்கு 40 குண்டுகள், 23 மிமீ பீரங்கிகள் இரண்டுக்கும் தலா 80. ஆறு விநாடி தொடர்ந்து சுட்டால் காலி. இருவகைக் குண்டுகளும் வெவ்வேறு வளைவில் போவதால் குறி வைப்பதும் கடினம். இவற்றைச் சொன்னால்தான் ஏஸ் என்ற சொல்லுக்கு உரிய மதிப்பு கிடைக்கும். பலகை அப்படியே இருக்கட்டும் என்பது என் உறுதியான கருத்து. மாற்ற விரும்புவோர் அந்தக் கருத்தைக் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம். இதுவரை சொன்னவர்கள் பணிநாள் ஒன்றுக்கும் வந்ததில்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். வரவுக்குள் செலவு அடங்கியது. மேசைக்கான வண்ணங்களுக்கும் கிட்டுகளுக்கும் சற்றுக் கூடுதலாகிவிட்டது. சந்தா பாக்கி சென்ற ஆண்டைவிட ஏறியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளாகக் கட்டாதவர்கள் பெயரை இங்கே வாசிக்க விரும்பவில்லை. சங்கத்தின் கம்ப்ரசரை எடுத்துச் சென்றவர் அதைத் திருப்பித் தந்தால் நல்லது. அது இல்லாமல் வெள்ளிப் பூச்சு நடக்காது.

இடம் தந்த நூலகத்தாருக்கும், தலைவர், பொருளாளர், தணிக்கையாளர் ஆகியோருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு இரண்டு மாதிரிகள் மீதி. ஒன்று, 14 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குள்ள, 1952 பிப்ரவரி 10 அன்று போரில் இறந்த ஜார்ஜ் டேவிஸின் சேபர். மற்றது, 1953 செப்டம்பர் 21 அன்று வட கொரிய விமானி நோ கும் சோக் தப்பி வந்து தென் கொரியாவின் கிம்போ தளத்தில் கொண்டுவந்து இறக்கிய மிக்-15. இரண்டுக்கும் கிட் வாங்கியாயிற்று. பெட்டி பிரிக்கப்படாமல் அலமாரியில் இருக்கிறது. இரண்டையும் ஒருவரே செய்து முடிக்க இயலாது. செயலாளர் பொறுப்பையும் மேசைப் பணியையும் தனித்தனியே இருவர் ஏற்பதைப் பொதுக்குழு இன்றே பரிசீலிக்க வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் சந்தா ரசீதோடு என்னிடம் வரலாம்.

இங்ஙனம்,
செயலாளர்